கவர்னர் மிதித்த துணி

சலிமா,
பிப்ரவரி 12

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

கட்சியின் மத்திய மண்டலச் செயலாளர், கோட்டுப் போட்ட கனவான், காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாலும் முன்சீட்டைப் பார்த்தே பெருமூச்சு விடுகிறவர். எல்லாப் பட்டமும் போட்டுவிட்டேன், ஒன்றும் விட்டுப்போகவில்லையே? உங்கள் அண்ணி ஃபலேசிதான் எழுதுகிறேன். நான்காம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கார் ஏறிவிட்டீர்கள். உங்களுக்காக சாம்போ மீன் பொரித்து வைத்திருந்தேன். வந்த கோபத்தில் நானே தின்றேன். தலையை மட்டும் பூனைக்குப் போட்டேன், உங்கள் பெயரைச் சொல்லி.

அதை விடுங்கள். எழுதுவது வேறு விஷயம்.

அன்றைக்குப் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. கட்சியின் மண்டலக் கவர்னர் கபிச்சி காரை விட்டு இறங்கினார். பின்னால் நீங்கள் எல்லாரும். நாங்கள் மகளிர் அணி ஆடிக்கொண்டே எதிரே வந்தோம். பெரிய மனுஷர் வரும்போது மேல் துணியை அவிழ்த்துக் காலடியில் விரிப்பது நம் பக்கம் எந்தக் கல்யாணத்திலும் உள்ளதுதானே? உள்ளே ஒரு துணி கட்டித்தான் இருந்தேன், மானம் போகவில்லை. விரித்தேன், குனிந்தேன், குலவை போட்டேன். அவர் அதன் மேல் நடந்து மேடைக்குப் போனார்.

சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். அன்று நான் மேலே கட்டியிருந்தது என்னுடைய பழைய பூத்துணி இல்லை. கட்சி கொடுத்த புது ஊதாத் துணி. அதன் நடுவில் தலைவரின் முகம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு.

எவனோ போட்டோ எடுத்திருக்கிறான். கவர்னரின் ஷூ சரியாகத் தலைவரின் மூக்கு மேல். இப்போது சந்தையில் எல்லார் போனிலும் அதுதான். தக்காளிக்கடை எலுபி நேற்று வந்து, "அடியே ஃபலேசி, நீ தலைவரையே மிதிக்க வெச்சியாமே! இனிமே உன்கிட்ட மாண்டாசி வாங்கினா எங்களையும் புடிச்சிட்டுப் போவாங்களா?" என்று சிரித்தாள். சிரித்தவள் மாண்டாசி வாங்காமலே போய்விட்டாள். அவள் காலையில் எண்ணெயில் பொரித்த என் மாண்டாசி அப்பம் தின்னாமல் வாயைத் திறக்காதவள்.

எனக்குப் புரியவில்லை கொழுந்தனாரே. அந்தத் துணியை எங்கள் இடுப்பில் சுற்றினால் தலைவர் முகம் எங்கே வந்து நிற்கிறது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்று பொய் சொல்லாதீர்கள். தினமும் அவர் மேல் உட்கார்ந்துதான் மாண்டாசி சுடுகிறேன். இதுவரை எந்தக் கட்சிக்காரனும் வந்து கேட்கவில்லையே?

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் காலையில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டு மாவைப் போட மறந்துவிட்டேன். இது பெரிய விஷயமா, தானாக அடங்கிவிடுமா? ஒரு வரி எழுதுங்கள். மீன் லாரி டிரைவரிடமே பதிலைக் கொடுத்தனுப்புங்கள்.

அண்ணி ஃபலேசி


லிலோங்வே,
பிப்ரவரி 15

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் எரித்துவிட்டேன். தலைவர் மேல் உட்காருவது பற்றி நீங்கள் எழுதியதை இனி எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம், நினைக்கவும் வேண்டாம்.

எனக்குப் போன் செய்யாதீர்கள். டிரைவர் நல்லவர், அவர் வழியாக மட்டும் எழுதுங்கள். என் கடிதங்களையும் அடுப்பில் போடுங்கள்.

கவர்னர் கபிச்சிக்கு நேற்று ஓய்வு கொடுக்கப்பட்டது. அந்தச் சொல்லுக்குக் கட்சியில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். மாவட்டப் பிரதிநிதிகள் மாநாட்டில் ஓட்டுப்போட்டு அமர்த்திய கவர்னரைத் தலைமையகம் ஒரே உத்தரவில் இறக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அவர் அடுத்த மாநாட்டில் தலைவரையே எதிர்த்து நிற்கப் பார்க்கிறார் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுக்கு இதுவரை ஒரு படம் இல்லை. இப்போது கிடைத்துவிட்டது.

துணி தற்செயலாக விழவில்லை என்று தலைமையகம் நம்புகிறது. கபிச்சி முன்கூட்டியே சொல்லித்தான் நீங்கள் விரித்தீர்கள் என்று நம்புகிறது. விசாரணை வரும். அப்போது ஆமாம், அவர்தான் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் நீங்கள் ஏமாற்றப்பட்ட பெண். சொல்லாவிட்டால் அவருடைய கூட்டாளி. நடுவில் வேறு இடம் கிடையாது அண்ணி.

அவர் எப்படியும் போய்விட்டார். உங்கள் சொல்லால் அவருக்குப் புதிதாக நட்டம் எதுவும் வராது.

லாக்சன்,
மத்திய மண்டலச் செயலாளர்


சலிமா,
பிப்ரவரி 18

கொழுந்தனாருக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதில் சுட்ட மாண்டாசி கசந்தது.

கபிச்சி சொல்லி நான் விரித்தேனா? அந்த மனுஷருக்கு என் பெயரே தெரியாது. எங்களை எல்லாம் பொத்தாம்பொதுவாக அம்மா என்கிற மாதிரி ஒரே மூச்சில் "மாயி, மாயி, மாயி" என்பார், கோழிக்குத் தவிடு போடுகிற மாதிரி. அன்று அவர் கீழே பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு நடந்தார். சேற்றுக்குப் பதில் துணி வந்தது அவர் காலுக்காவது தெரிந்ததோ என்னவோ.

நானும் கட்சியில் இத்தனை வருஷம் ஆடியிருக்கிறேன். உங்கள் அமைப்பு எனக்கும் தெரியும். கிளை என்பது கூட்டத்துக்கு ஆள் சேர்க்க. வட்டாரம் என்பது எங்களை ஆடவைக்க. மாவட்டம் என்பது சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியைக் காணாமல் ஆக்க. மண்டலம் என்பது உங்களை மாதிரி கோட்டுப் போட்டவர்கள் ஒருத்தர் நாற்காலியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார. எல்லாவற்றுக்கும் மேலே தலைவர் வீடு. இந்த ஏணியில் கடைசிப் படி நான். எனக்குக் கீழே தரைதான். கவர்னரைக் கவிழ்க்க என்னிடம் வந்து நிற்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

கோபிக்காதீர்கள். பயத்தில் வாய் ஓடுகிறது.

இரண்டு தடிப்பயல்கள் வந்திருக்கிறார்கள். ஊதாச் சட்டை, கட்சியின் இளைஞர் அணி. என் கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதுவும் வாங்குவதில்லை, எதுவும் பேசுவதில்லை. "ஏம்ப்பா, சும்மா உக்காந்து என்ன பாக்குறீங்க? பொண்ணு பாக்க வந்தீங்கன்னா சொல்லிருங்க, நான் பவுடராவது போட்டுக்கிறேன்" என்றேன். சந்தையே சிரித்தது. அவர்கள் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் என் பேச்சுக்கு முகத்தில் ஒரு கோடுகூட அசையாத ஆம்பிளையை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்து யோசித்து எழுதுகிறேன். குனிந்து குலவை போடுகிறவளுக்கு முகம் தெரியாது, ஷூதான் தெரியும். கவர்னருக்குப் பின்னால் இன்னொரு ஷூ என் துணியை மிதித்தது. பழுப்பு நிறம். வலது காலில் தையல் பிரிந்து கறுப்பு நூலால் தைத்தது. அந்தத் தையலைப் போட்டது நான். அது என் புருஷனின் ஷூ. அவரைப் புதைத்த பிறகு, தம்பிக்கு வேலை தேட நல்ல ஷூ இல்லையே என்று நான்தான் உங்களிடம் கொடுத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

ஃபலேசி


லிலோங்வே,
பிப்ரவரி 20

அண்ணி,

நீங்கள் கடைசியில் எழுதியதைப் படித்துவிட்டு வாசல் கதவைப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆமாம், மிதித்தேன். சேற்றில் வழுக்காமல் இருக்க அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்தேன். மேடைக்குப் போன பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கார் ஏறினேன்.

அந்தப் போட்டோவில் கபிச்சியின் தோளுக்குப் பின்னால் ஒரு கை தெரிகிறது. கை மட்டும். தலைமையகத்திலிருந்து போன் வந்தது. "பின்னால வர்றது யாரு?" என்று கேட்டார்கள். "கூட்டத்துல யாரோ, தெரியலைங்க" என்றேன். "செயலாளருக்கே தெரியலையா?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் சிரித்தார். பிறகு அதே மூச்சில், "சரி, நீங்கதான் இனி தற்காலிகக் கவர்னர். வாழ்த்துகள்" என்றார்.

மறுத்தால் ஏன் மறுக்கிறாய் என்று கேட்பார்கள். ஏற்றுக்கொண்டேன். முன்சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது முன்சீட்டில்தான் போகிறேன். வழியெல்லாம் பின்னால் வரும் வண்டியையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு போகிறேன்.

விசாரணை 27ஆம் தேதி, சலிமா கட்சி அலுவலகத்தில். அதை நடத்த வேண்டியவன் நான்தான். பக்கத்தில் தலைமையகத்து ஆள் உட்காருவார். "கபிச்சி சொன்னாரா?" என்று கேட்பேன். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அத்துடன் கோப்பை மூடிவிடுவார்கள். அந்தக் கை யாருடையது என்று யாரும் தேட மாட்டார்கள்.

முதல் கடிதத்தில் உங்களுக்காக மட்டும் கேட்பது போல எழுதினேன். இப்போது எனக்காகவும் கேட்கிறேன்.

லாக்சன்,
மத்திய மண்டலத் தற்காலிகக் கவர்னர்


சலிமா,
பிப்ரவரி 24

கொழுந்தனாருக்கு,

கவர்னர் ஆகிவிட்டீர்கள். குலவை போட்டிருப்பேன், தொண்டை கட்டியிருக்கிறது.

கபிச்சிக்குப் புதிதாக நட்டம் ஒன்றும் வராது என்று எழுதினீர்கள். அவருடைய மாவு மில் எரிந்துபோனது உங்களுக்கு அங்கே தெரியுமா? பட்டப்பகலில். மக்காச்சோளம் அரைக்க வந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அணைக்க ஒருத்தரும் போகவில்லை. ஊதாச் சட்டைகள் சுற்றி நின்று, அடுப்பில் குளிர்காய்கிறவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று அவர் சம்சாரம் சந்தைக்கு வந்தார். அந்த அம்மா காரில் வந்து இறங்காமலே உசிபா கருவாடு வாங்குகிறவர். நேற்று நடந்து வந்தார், முக்காடு போட்டுக்கொண்டு. என் கடை முன்னால் நின்றார். பெஞ்சில் இருந்த பயல்கள் நிமிர்ந்தார்கள்.

"மாயி ஃபலேசி நீங்கதானே?"

"நான்தாம்மா. மாண்டாசி சூடா இருக்கு."

"எங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் துணிய விரிச்சீங்கன்னு நீங்க சொன்னதா சொல்றாங்க. சொன்னீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"இன்னும்னா?"

ஊருக்கெல்லாம் வாய்கொடுக்கிறவள் நான், குனிந்து மாண்டாசியைப் பொட்டலம் கட்டினேன் கொழுந்தனாரே. அவர் காத்திருந்தார். பிறகு, "அவர் வீட்டைவிட்டு வெளிய வர்றதில்ல. நீங்க அந்த வார்த்தையச் சொல்லிட்டீங்கன்னா அப்புறம் வீட்டுக்குள்ளயே வருவாங்க" என்று சொல்லிவிட்டு, மாண்டாசி வாங்கிக்கொண்டு போனார். விலையைக் கொடுத்துத்தான் வாங்கினார். இந்த வாரம் என்னிடம் வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

கபிச்சி வீட்டுக்குள்ளே பயந்து கிடக்கிறார், நீங்கள் அங்கே பயந்து கிடக்கிறீர்கள், நான் இங்கே. எல்லாம் ஒரு துணியால். நான் ஒரு வார்த்தை சொன்னால் நம் இரண்டு பேருடைய பயமும் தீரும் என்கிறீர்கள். தீருமா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. எலுபி, "சொல்லிட்டுப் போயேன்டி, உனக்கென்ன, அவன் உனக்கு மாமனா மச்சானா?" என்கிறாள். அவளும் பக்கத்தில் வந்து சொல்லவில்லை. தக்காளியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னாள்.

ஃபலேசி


பிப்ரவரி 26

அண்ணி,

நாளை உங்களைத் தெரியாதவன் போல இருப்பேன். பெயர் கேட்பேன், ஊர் கேட்பேன். கோபப்படாதீர்கள். என்னைக் கொழுந்தனாரே என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.

ஆமாம் என்று சொல்லுங்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.


சலிமா,
மார்ச் 1

மாண்புமிகு கவர்னர் அவர்களுக்கு,

"உங்க பேரு என்ன?" என்று கேட்டீர்கள் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் கையால் ன்சிமாக் களி தின்று வளர்ந்தவர். "ஃபலேசிங்க. நீங்க யாருங்க?" என்று கேட்க நாக்கு துடித்தது. உங்கள் நெற்றி வியர்வை மூக்கில் இறங்கி மேசையில் சொட்டியதைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

நான் என்ன சொன்னேன் என்று நீங்களே கேட்டீர்கள். ஆனால் நீங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், காதில் விழுந்ததோ என்னவோ. அதனால் எழுதுகிறேன்.

"கபிச்சி சொல்லித்தான் விரிச்சீங்களா?" என்றீர்கள். "இல்லைங்க, யாரும் சொல்லல. சேறா இருந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு. விரிச்சேன்" என்றேன்.

அந்த ஆமாம் என் வாய் வரைக்கும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பல்லுக்குப் பின்னால் நின்றது. ஆனால் அந்த அம்மா கேட்ட "இன்னும்னா?" அங்கேயே நின்று அதை மறித்துக்கொண்டது.

பிறகு அந்தத் தலைமையகத்து ஆள், கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார். "சரிம்மா. கவர்னருக்குப் பின்னால யாரு மிதிச்சா?"

அப்போது நீங்கள் மேசைக்கடியில் காலை உள்ளே இழுத்தீர்கள். அன்றைக்கு வேறு ஷூ போட்டிருந்தீர்கள். ஆனாலும் இழுத்தீர்கள்.

"குலவை போடுறவ மூஞ்சியப் பாக்க முடியாதுங்க, ஷூதான் தெரியும்" என்றேன்.

"எந்த மாதிரி ஷூ?"

"சேத்துல நடந்த ஷூங்க. எல்லாம் ஒரே கலர்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார். உங்களைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

மகளிர் அணியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். போகட்டும், அதில் ஆட்டம்தான் அதிகம், சம்பளம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து ஊதாத் துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். என் குழந்தைகளுக்குப் போர்த்தியிருந்ததையும் உருவிக்கொண்டார்கள். கடையைச் சந்தையின் கோடிக்கு, மீன் கழுவுகிற இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். என் மாண்டாசி இப்போது மீன் வாசம் அடிக்கிறது, தொட்டுக்கொள்ளக் குழம்பு வேண்டாம்.

இவ்வளவோடு விட்டார்களே என்று முதல் நாள் சாமிக்கு நன்றி சொன்னேன். ஆனால் கொழுந்தனாரே, பயல்கள் போகவில்லை. பெஞ்சையும் தூக்கிக்கொண்டு கடைக்கு எதிரே வந்துவிட்டார்கள். விசாரணை முடிந்துவிட்டது, தண்டனை கொடுத்தாகிவிட்டது, இன்னும் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்? வீட்டுக்குப் போகும்போது பின்னாலேயே நடக்கிறார்கள். நான் நின்றால் நிற்கிறார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். கிண்டல் இல்லாமல் கேட்கிறேன், என்னை நீங்கள் இப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள். மண்டலத்து இளைஞர் அணி கவர்னரின் கைக்குக் கீழே என்பார்கள். இவர்களை அனுப்பியது நீங்களா? அந்த ஷூவைப் பற்றி நான் யாரிடமாவது பேசிவிடுவேன் என்று உட்காரவைத்திருக்கிறீர்களா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். கோபப்பட மாட்டேன். நீங்கள்தான் என்று தெரிந்தால், நம் வீட்டுப் பிள்ளையின் பயம்தானே என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தூங்குவேன். இல்லை என்றால் நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

ஃபலேசி


லிலோங்வே,
மார்ச் 6

அண்ணி,

நான் அனுப்பவில்லை. அண்ணனின் சமாதி மேல் சத்தியமாக இல்லை.

ஆமாம் என்று பொய்யாவது எழுதலாமா என்று யோசித்தேன், நீங்கள் தூங்குவீர்களே என்று. எனக்காக அந்த மேசை முன்னால் நின்றவரிடம் அப்படி எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் இளைஞர் அணி இயக்குநரைக் கூப்பிட்டேன். விதிப்படி அவன் எனக்குக் கீழே. "சலிமா சந்தையில ரெண்டு பேரு உக்காந்திருக்காங்களாமே, எடுத்துருப்பா" என்றேன். "எந்த ரெண்டு பேருங்க?" என்று கேட்டான். சொன்னேன். "அவங்க நம்ம மண்டலத்து ஆளுங்க இல்லைங்க கவர்னர். எனக்குத் தெரியாது" என்றான். சொல்லிவிட்டுக் கதவருகில் நின்று, "அதை நீங்க கேட்டீங்கன்னு எழுதி வெச்சுக்கவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

என்னை நிரந்தரக் கவர்னர் ஆக்கிவிட்டார்கள். மாநாடு இல்லை, ஓட்டு இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு மாலையும் காரின் சாவியும் வந்தன. மாலை போட்டது அதே கருப்புக் கண்ணாடிக்காரர். போடும்போது என் காலைப் பார்த்தார். "நல்ல ஷூ. புதுசா?" என்றார்.

அண்ணனின் ஷூவைப் போடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. குப்பையில் போட்டால் குப்பையைக் கிளறுவார்கள் என்று தோன்றுகிறது. எரித்தால் தோல் நாற்றம் தெருவெல்லாம் போகும்.

புதன்கிழமை காலையில் கதவைத் திறந்தேன். என் வீட்டு வாசலுக்கு எதிரே, மாமரத்தடியில், இரண்டு பேர் ஊதாச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கவர்னருக்குக் காவல் போட்டிருப்பார்கள் என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள், அவர்களுக்கு டீ கொடுத்தனுப்பினாள். டீ அப்படியே திரும்பி வந்தது.

இன்று நானே அருகில் போனேன். இந்த மண்டலத்தில் கட்சிச் சட்டை போட்ட ஒவ்வொருவனும் என் சொல்லைக் கேட்க வேண்டியவன். பெயர் கேட்கலாம் என்றுதான் போனேன். என்னைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள். "வணக்கம் கவர்னர்" என்றார்கள், மிகவும் மரியாதையாக. நானும் வணக்கம் சொன்னேன். பெயர் கேட்கவில்லை. அவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

உங்கள் கையால் சாப்பிட்டு, நீங்கள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நான் வந்தால் அவர்களும் வருவார்கள். உங்கள் கடை முன்னால் இருவர் நால்வர் ஆவார்கள்.

வரலாமா, அண்ணி?

லாக்சன்